அரசியின் கையில் கடிகாரம் கட்டிய பிரெகே

செட்டியார்பட்டியில் இன்று நாலு இளைஞர்கள் கூடி நின்றால், ஒருவர் கையிலாவது புதுவகைக் கடிகாரம் இருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் என்கிறார்கள். அது மணி காட்டும். நடந்த அடிகளை எண்ணும். போன் வந்தால் மணிக்கட்டில் கிச்சுக்கிச்சு மூட்டும். இரவில் அதற்கென்று உள்ள மேடையில் வைத்தால், விடியும்போது புதுத் தெம்போடு இருக்கும்.

கடைக்குப் போகிறவர் முதலில் அதன் அழகைத்தான் பார்க்கிறார். வாங்கிக் கட்டிய பிறகுதான் அதன் வேலையைப் பார்க்கிறார். அழகும் வேண்டும், வேலையும் ஒழுங்காக நடக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரு சிறு டப்பாவுக்குள் அடைப்பது லேசான காரியமா? மெலிசாகச் செய்தால் உள்ளே இடம் போதாது. உள்ளே சாமான்களைத் திணித்தால், கையில் கருங்கல்லைக் கட்டியதுபோல ஆகிவிடும்.

இந்தத் தொல்லையோடு 200 ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டிய ஒரு மனிதர் உண்டு. அவர் பெயர் ஆபிரகாம் லூயி பிரெகே. பிரான்சு நாட்டில் வாழ்ந்தவர். அரசர்களும் தளபதிகளும் அவர் கடையில் கடிகாரம் வாங்கினார்கள். உலகத்திலுள்ள கடிகாரத் தொழிலாளர்கள் இன்றும் அவரைத் தங்கள் குருவாக மதிக்கிறார்கள்.

அவர் கதையைத் தொடங்குமுன் நம் பக்கத்துக் கதை ஒன்று.

மணி ஓசை

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் பூசை முடிந்தது தெரிந்த பிறகுதான் மதுரையில் திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவாராம். பூசை முடிந்த சேதி மதுரைக்கு எப்படி எட்டும்? வழி நெடுகிலும் மணி மண்டபங்கள் இருந்தன. கோவிலில் மணி அடித்ததும் அடுத்த மண்டபத்தில் இருப்பவர் அடிப்பார். அதைக் கேட்டு அதற்கடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள். இப்படியே ஓசை மதுரைக்குப் போய்ச் சேரும். இது செவிவழியாக வந்த கதை. இது நடந்ததாகச் சொல்லப்படுவது 17-ஆம் நூற்றாண்டில்.

அந்தக் காலத்தில் நேரம் என்பது கண்ணால் பார்ப்பதல்ல, காதால் கேட்பது. ஐரோப்பாவிலும் அப்படித்தான். கோபுர மணி ஊருக்கே நேரம் சொல்லிற்று. அந்தக் கோபுரத்தைச் சட்டைப் பைக்குள் வைக்க முயன்றவர்கள்தான் கடிகாரத் தொழிலாளர்கள்.

தகப்பனை இழந்த பையன்

பிரெகே 1747-ஆம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி நெஷாட்டல் என்ற ஊரில் பிறந்தார். அது இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அவருக்கு 11 வயதானபோது தகப்பனார் இறந்துபோனார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். வந்த சிற்றப்பா கடிகாரத் தொழில் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். பையனுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றது. பட்டறைக்குப் போக ஆரம்பித்தான்.

15 வயதில் அவனைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பகலில் கடிகாரப் பட்டறையில் வேலை. வேலை முடிந்ததும் பாரிஸ் நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம். அங்கே பாடம் சொன்ன பாதிரியார், இவன் சாதாரணப் பையன் அல்ல என்று கண்டுகொண்டார். பின்னால் அரண்மனைப் பழக்கம் கிடைத்ததும் அவரால்தான்.

1775-ல் பிரெகேக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி கொண்டுவந்த சீதனப் பணம் முதலாயிற்று. பாரிஸ் நகரத்தின் நடுவே, ஆற்றங்கரையில், கடிகாரக் கரை என்று பெயர் பெற்ற தெருவில் சொந்தக் கடை வைத்தார். ஐந்தே ஆண்டுகளில் மனைவி இறந்துவிட்டார். கையில் ஒரு சிறு பிள்ளை. அந்தப் பிள்ளைதான் பின்னால் தகப்பனாரின் தொழிலுக்குத் துணையாக நின்றான்.

வெங்காயம் மெலிந்தது

அன்றைய பைக் கடிகாரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டு திரண்டு இருக்கும். பிரெஞ்சுக்காரர்களே பழைய கடிகாரங்களை வெங்காயம் என்றுதான் அழைத்தார்கள்! மேலே ஏராளமான பூவேலை. டயலைச் சுற்றிலும் சித்திரம். எல்லாம் இருக்கும். ஆனால் மணி என்ன என்று பார்க்கக் கொஞ்ச நேரம் தேட வேண்டும்.

பிரெகே அந்தப் பூவேலைகளை எடுத்து எறிந்தார். வெள்ளை டயலில் மெல்லிய எண்களை எழுதினார். முள்ளை நீலநிற எஃகில் ஊசிபோலச் செய்தார். அதன் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன வளையம் வைத்தார். அந்த வளையம் அழகுக்கு வைத்ததுபோலத் தோன்றும். ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குச் சட்டென்று காட்டுவது அதுதான். அந்த வகை முள்ளுக்கு இன்றும் பிரெகே முள் என்றே பெயர்.

பிறகு உலோக டயல்களும் செய்தார். அவற்றில் இயந்திரத்தால் மிக நுண்ணிய கோடுகளைக் கீறினார். கோலம் போட்டதுபோல இருக்கும். இதுவும் வெறும் அலங்காரம் அல்ல. மொட்டை உலோகத்தில் வெளிச்சம் பட்டால் கண் கூசும். கோடு கீறினால் கூசாது. மணி காட்டும் இடத்துக்கு ஒரு கோடு, நொடி காட்டும் இடத்துக்கு வேறு கோடு என்று வைத்தால், பார்க்கிறவர் தடுமாறவும் மாட்டார்.

உள்ளேயும் கை வைத்தார். அந்தக் காலத்தில் விளக்கேற்றுவது பெரும்பாடு. இருட்டில் நேரம் அறிய, பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும் கடிகாரங்களைப் பணக்காரர்கள் வைத்திருந்தார்கள். அதற்கு உள்ளே ஒரு குட்டி மணி இருக்கும். கடிகாரம் தடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1783-ல் பிரெகே அந்த மணியையே நீக்கிவிட்டார். அதற்குப் பதில் ஓர் எஃகுக் கம்பியை வளைத்து, சக்கரங்களைச் சுற்றி ஓரமாக ஓடவிட்டார். சின்னச் சுத்தியல் அந்தக் கம்பியைத் தட்டும். ஓசை இனிமையாயிற்று. கடிகாரமும் மெலிந்தது! அழகும் வேலையும் ஒன்றுக்கொன்று சக்களத்திகள் என்று நினைத்தவர்கள், அந்தக் கம்பியைக் கண்டு வியந்துபோனார்கள்.

சாவி கொடுக்க மறந்துபோகிறவர்களுக்கும் ஒரு வழி செய்தார். கடிகாரத்துக்குள் பிளாட்டினத்தில் ஒரு கனமான துண்டை ஆடும்படி தொங்கவிட்டார். கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் துண்டு ஆடும். ஆடும்போது ஸ்பிரிங் தானே முறுக்கிக்கொள்ளும். இந்த யோசனை அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியதுதான். ஆனால் நம்பி வாங்கும்படி செய்து கொடுத்தவர் பிரெகே. பிரான்சின் அரசி மேரி அந்துவானெத் 1782-ல் அப்படி ஒன்று பெற்றார்.

அரசிக்கு ஒரு கடிகாரம்

அதற்கு அடுத்த ஆண்டு, 1783-ல், அரசியின் காவற்படை அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். அரசிக்கு ஒரு கடிகாரம் வேண்டும் என்றார். உலகத்தில் கடிகாரம் என்னென்ன செய்யுமோ, அத்தனையும் அது செய்ய வேண்டும். இரும்பு, பித்தளை வைக்கிற இடத்தில் முடிந்தவரை தங்கம் வைக்க வேண்டும். விலைக்குக் கட்டுப்பாடு இல்லை. காலத்துக்கும் கட்டுப்பாடு இல்லை.

எந்தத் தொழிலாளிக்குத்தான் ஆசை வராது? பிரெகே ஒப்புக்கொண்டார். மணி அடிக்க வேண்டும், நிமிடத்தையும் அடிக்க வேண்டும். நாள், மாதம் காட்ட வேண்டும். லீப் வருடத்தையும் தானே கணக்கிட வேண்டும். வெப்பநிலை காட்ட வேண்டும். இன்றைய ஸ்மார்ட் வாட்சின் பட்டியலைப்போல இல்லையா? மின்சாரம் இல்லாத காலத்தில், பல்சக்கரத்தாலேயே இத்தனையும்! அதில் சேர்ந்த உறுப்புகள் 823.

வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்குள் நாட்டில் தீப்பற்றிக்கொண்டது.

புரட்சி

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசரும் அரசியும் சிறைக்குப் போனார்கள். அரசி 1792-ல் சிறையில் இருந்தபோது பிரெகேயிடம் ஒரு கடிகாரம் கேட்டு வாங்கினாராம். எந்தக் கடிகாரம்? அந்த அதிசயக் கடிகாரம் அல்ல. சாதாரணமான எளிய கடிகாரம்! 1793 அக்டோபர் 16-ந் தேதி அவர் தலை துண்டிக்கப்பட்டது.

பிரெகேயின் தலைக்கும் ஆபத்து இருந்தது. அரண்மனைக்குக் கடிகாரம் விற்றவர் அல்லவா? ஆனால் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாராத் அவருடைய நண்பர். இருவரும் நெஷாட்டல் பக்கத்தில் பிறந்தவர்கள். முன்பு ஒரு நாள் கோபம்கொண்ட கூட்டம் மாராத் இருந்த வீட்டைச் சூழ்ந்துகொண்டதாம். பிரெகே அவருக்குக் கிழவி வேடம் போட்டு, கையைப் பிடித்து வெளியே நடத்திப் போய்க் காப்பாற்றினார் என்று ஒரு கதை வழங்குகிறது. இப்போது மாராத் கைம்மாறு செய்தார். நாட்டை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். சில நாட்களில் மாராத்தே கொலையுண்டார். பிரெகே குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

ஒற்றை முள் கடிகாரம்

1795-ல் பாரிசுக்குத் திரும்பி வந்தபோது தொழிற்கூடம் சீர்குலைந்து கிடந்தது. பழைய வாடிக்கைக்காரர்களில் பலருக்குத் தலை இல்லை. சிலர் நாட்டில் இல்லை. இருந்தவர்களிடம் பணம் இல்லை. பிரெகேக்கு அப்போது 48 வயது.

அவர் என்ன செய்தார்? அரசியின் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்காரவில்லை. அதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார். ஒரே ஒரு முள் உள்ள கடிகாரம்! டயலில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே பன்னிரண்டு கோடுகள். ஒரு கோடு ஐந்து நிமிடம். பழகிய கண்ணுக்கு ஒன்றிரண்டு நிமிடம் வரை கணிக்க முடியும். உள்ளே உறுப்புகள் குறைவு. கெட்டியானது. ரிப்பேர் செய்வதும் சுலபம். டயல் ஏறக்குறைய 6 செண்டிமீட்டர் அகலம், வயதானவர்களுக்கும் தெரியும்.

வாங்கவும் ஒரு வழி வைத்தார். விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டால் போதும். மீதியைக் கடிகாரம் வாங்கும்போது கொடுக்கலாம். அந்தக் கால் பங்குப் பணம்தான் பட்டறைக்குச் செம்பும் எஃகும் வாங்கிற்று, கூலி கொடுத்தது. அந்த வகையில் ஏறக்குறைய 700 கடிகாரங்கள் செய்தார்கள். 823 உறுப்புள்ள கடிகாரம் பெட்டியில் தூங்கிற்று. ஒற்றை முள் கடிகாரம் சோறு போட்டது.

பிரெகே செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடிகாரம்தான். வெள்ளை டயல். நீல முள் ஒன்று. வேறு எதுவும் இல்லை. இருந்தும் கண்ணை எடுக்க முடிவதில்லை.

தடவிப் பார்க்கும் கடிகாரம்

அடுத்து வந்தது, தொட்டு நேரம் அறியும் கடிகாரம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் மரியாதைக் குறைவு. அதற்கு ஒரு தந்திரம் செய்தார். கடிகாரத்தின் மூடிமேல் அம்புபோல ஒரு முள். விளிம்பில் மணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குமிழ்கள். கையைப் பைக்குள் விட்டு அம்பைத் திருப்பினால், சரியான நேரத்துக்கு வந்ததும் அது நின்றுகொள்ளும். விரலால் தடவி மணியைத் தெரிந்துகொள்ளலாம். பணக்காரச் சீமாட்டிகளுக்குக் குமிழ்கள் வைரமாக இருந்தன. நெப்போலியனின் மனைவி ஜோசபைனிடம் அப்படி ஒன்று இருந்தது. வைரம் பளபளக்கும், விரலுக்கு வழியும் காட்டும்.

பின்னாளில் நம் நாட்டின் எச்.எம்.டி. தொழிற்சாலை, பார்வையற்றவர்களுக்காக மூடியைத் திறந்து முள்ளைத் தடவிப் பார்க்கும் கடிகாரம் செய்தது. அது வேறு ஏற்பாடு. ஆனாலும் விரலுக்கும் கண் உண்டு என்று கண்டது இரண்டும்.

இன்னொன்றைக் கேளுங்கள். பிரெகே ஒரு மேசைக் கடிகாரம் செய்தார். அதன் தலையில் ஒரு சிறு தொட்டில். இரவு படுக்கப்போகும்போது பைக் கடிகாரத்தை அதில் வைத்துவிட வேண்டும். பைக் கடிகாரம் பிந்தியோ முந்தியோ ஓடியிருந்தால், மேசைக் கடிகாரம் அதன் முள்ளைத் திருத்தி வைக்கும். பின்னால் செய்தவற்றில் சில, சாவியும் கொடுத்து வைத்தன. ஸ்மார்ட் வாட்சை இரவில் மேடையில் வைக்கிறோமே, அதற்கு இது முப்பாட்டன்!

சுழலும் கூண்டு

கடிகாரத்துக்குள் ஒரு சிறு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் பாலன்ஸ் என்பார்கள். நேரத்தின் உயிர் அதில் இருக்கிறது. கடிகாரம் பையில் நிமிர்ந்தே நிற்கும்போது, பூமி அந்தச் சக்கரத்தைக் கீழே இழுக்கிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் மயிரிழை கனமாக இருந்தாலும் நேரம் பிசகும்.

பிரெகே ஓர் உபாயம் கண்டார். திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் அகப்பையை ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அடிபிடிக்கும். அதுபோல, பாலன்ஸ் சக்கரத்தை ஒரு கூண்டில் வைத்து, அந்தக் கூண்டையே நிமிடத்துக்கு ஒருமுறை சுழலவிட்டார். ஒரு பக்கம் முந்தினால் மறு பக்கம் பிந்தும். இரண்டும் கழிந்துபோகும். 1801 ஜூன் 26-ந் தேதி இதற்கு அரசு உரிமை பெற்றார். இதற்கு டூர்பியோன் என்று பெயர். செய்வது மிகக் கடினம். அவர் வாழ்நாளில் விற்றது ஏறக்குறைய நாற்பதுதான்.

இன்று அதைக் கைக்கடிகாரத்தில் வைத்து லட்சக்கணக்கில் விற்கிறார்கள். கை எப்போதும் அசைந்துகொண்டே இருப்பதால் கூண்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. வாங்குகிறவர்கள் அது சுழலும் அழகுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். பிரெகேயின் கையில் வேலைக்காகப் பிறந்த பொருள், நம் காலத்தில் நகையாகிவிட்டது.

சுழிக்கு ஒரு வால்

பிரெகே தம்மிடம் வேலை செய்தவர்களிடம் அன்பாக இருந்தார். தொழிலாளி தன் கூலிக் கணக்கை எழுதிக் கொண்டுவருவான். வேலை நன்றாக இருந்து, கணக்கு சுழியில் முடிந்தால், பிரெகே பேனாவை எடுத்து அந்தச் சுழிக்கு ஒரு வால் போடுவாராம். 120 என்று இருந்தது 129 ஆகிவிடும்!

நெப்போலியன் 1798-ல் எகிப்துக்குப் படையெடுக்குமுன் அவரிடம் மூன்று கடிகாரங்கள் வாங்கினார். நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவும் பிரெகே கடிகாரம் வைத்திருந்தார். போர்க்களத்தில் எதிரிகள்; கடிகாரக் கடையில் இருவரும் வாடிக்கைக்காரர்கள்.

நெப்போலியனின் தங்கை கரோலின் நேப்பிள்ஸ் நாட்டு அரசி. 1808 முதல் 1814 வரை 34 கடிகாரங்கள் வாங்கியவர். 1810 ஜூன் மாதம் அவர் ஒரு புது ஆசையைச் சொன்னார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் வேண்டும்!

பைக்குள் இருக்கும் கடிகாரம் பத்திரமாக இருக்கும். கை சும்மா இருக்குமா? ஆடும், வீசும், கதவில் இடிக்கும். நல்ல வேளையாகப் பிரெகே அதற்கு இருபது ஆண்டு முன்பே ஒரு காப்பு கண்டிருந்தார். பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு நிற்கும் இடத்தில் மெல்லிய ஸ்பிரிங் வைத்து, அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்திருந்தார். ஒரு விருந்தில் தம் கடிகாரத்தைத் தரையில் வீசிக்காட்டினார் என்றும், அது ஓடிக்கொண்டே இருந்தது என்றும் சொல்வார்கள்.

அரசியின் கடிகாரம் நீள்வட்டமாக, மெலிசாக அமைந்தது. மணி அடித்தது. வெப்பநிலையும் காட்டியது. தலைமுடியையும் பொன் இழையையும் சேர்த்துப் பின்னிய பட்டை அதற்கு. முடிந்து கைக்குப் போனது 1812 டிசம்பரில். இரண்டரை ஆண்டு வேலை! கைக்கென்றே கேட்டுச் செய்த முதல் கடிகாரம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள்.

கடலும் கடைசி நாளும்

1815-ல் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகாரக்காரராக அவர் நியமனம் பெற்றார். அது வெறும் பட்டம் அல்ல. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று அறிய, சரியான நேரம் வேண்டும். கடிகாரம் 4 நிமிடம் பிசகினால் கணக்கு ஒரு பாகை தவறும். நம் பக்கத்துக் கடலில் அது 100 கிலோமீட்டருக்கு மேல். இராசபாளையத்திலிருந்து மதுரையையும் தாண்டிப் போகிற தூரம். கப்பல் பாறையில் மோதும். பிரெகேயின் கடல் கடிகாரங்களில் பூவேலை கிடையாது.

1816-ல் விஞ்ஞானிகள் சபையில் அவருக்கு இடம் கிடைத்தது. பாதியில் படிப்பை விட்ட பையன்! 1823 செப்டம்பர் 17-ந் தேதி, 76-வது வயதில், பாரிசில் காலமானார்.

மேரி அந்துவானெத் அரசியின் கடிகாரம் அப்போதும் முடிந்தபாடில்லை. 1827-ல் மகன் முடித்தார். கேட்டவர் இல்லை, செய்தவரும் இல்லை. அது கை மாறிக் கை மாறி ஜெருசலேம் நகரப் பொருட்காட்சி சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1983-ல் ஒரு திருடன் இரவில் புகுந்து, நூறுக்கு மேற்பட்ட கடிகாரங்களோடு அதையும் வாரிப் போனான். அது கிடைத்துவிட்டது என்ற செய்தி 2007-ல்தான் வெளியே வந்தது. திருடன் அதற்குள் இறந்துவிட்டான். இன்று அது மறுபடியும் கண்ணாடிக்குள் இருக்கிறது.

நேப்பிள்ஸ் அரசியின் கைக்கடிகாரம் அவர் மகளிடம் இருந்தது. 1849-ல் ஒருமுறையும், 1855-ல் மறுமுறையும் பழுது பார்க்கப் பாரிஸ் கடைக்கு வந்தது. கடைக் குமாஸ்தா அதன் வடிவத்தையும் பட்டையையும் எண்ணையும் ஒழுங்காகப் பேரேட்டில் எழுதி வைத்தார். எண் 2639. அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தை யாரும் கண்டதில்லை. பேரேடு மட்டும் இருக்கிறது.